மலையகத்தில் மரத்தக்காளி: வெயிலில் நாற்று, மழையில் நடவு

லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் இங்கே எல்லார் தோட்டத்திலும் இருக்கிறது. வித்தியாசமாக ஏதாவது வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மரத்தக்காளி. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பக்கத்துச் செடி என்பதால் நம்முடைய குளிரும் மூடுபனியும் அதற்குப் பிடிக்கும், கொழும்பு வெக்கையில் சரிவராது.

விதையைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: உங்கள் மலைக்கு வெயில் காலம் எது? நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை காயும். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கமென்றால் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை, அதுவும் கச்சான் காற்றோடு சேர்ந்து. நியூசிலாந்தில் இதைப் பெரிய அளவில் பயிரிடுகிறார்கள், அவர்களுடைய குறிப்புகளில் வரும் கோடை டிசெம்பரில் தொடங்குகிறது, அதைப் பார்த்து இங்கே மாதக் கணக்குப் போடாதீர்கள். என் கணக்கு எளிது: வெயில் மாதங்களில் வீட்டோரமாக நாற்று வளர்ப்பது, மழை தொடங்கியதும் நிலத்தில் வைப்பது. நுவரெலியா, ஹட்டன் என்று மேற்குப் பக்கத்தார் ஜனவரியில் விதைத்தால் ஏப்ரல் இடிமழைக்கு நாற்று தயார். பண்டாரவளை, பதுளை என்று ஊவாக்காரர்கள் ஜூனில் விதைத்து ஒக்டோபரில் நடலாம்.

விதை

கடையில் நன்றாகப் பழுத்த, கருஞ்சிவப்பான ஒரு பழம் வாங்கினாலே போதும். இரண்டாக வெட்டி விதையைச் சுரண்டி எடுத்து, வழுவழுப்புப் போகும்வரை மணலோடு தேய்த்துக் கழுவி, கடதாசியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த விதையை ஒரு நாள் ஃப்ரீஸரில் வைத்தெடுத்தால் சீக்கிரம் முளைக்கும் என்பது பல தோட்டக்காரர்களின் அனுபவம், ஃப்ரீஸர் இல்லாவிட்டாலும் முளைக்கும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

தவறணை (நாற்றங்கால்)

மேல்மண், மணல், நன்றாக உக்கிய மாட்டெரு மூன்றையும் கலந்து ஒரு தட்டில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மெல்லிசாக மூடுங்கள். காலை வெயில் பட்டு, பகலில் நிழல் விழும் இடம் வேண்டும். விரல் நீளம் வந்ததும் ஒவ்வொன்றாகப் பொலித்தீன் பைக்கு மாற்றுங்கள், பையின் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம்.

விதைக்கப் பொறுமை இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டு மரத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு முற்றிய தடி வெட்டி ஊன்றலாம். அது தாழ்வாகப் புதர்போலப் படரும், காய்ப்பும் முந்தும். ஆனால் தாய் மரத்தின் இலையில் மஞ்சள் திட்டோ சுருக்கமோ இருந்தால் தொடவே தொடாதீர்கள், வைரஸ் தடியோடு சேர்ந்து உங்கள் தோட்டத்துக்கு வந்துவிடும்.

குழியும் நடவும்

இந்தச் செடியின் குணம் முழுக்க வேரில்தான் இருக்கிறது. வேர் மேலாக ஓடும், ஆழம் போகாது. அதனால் தண்ணீர் தேங்கினாலும் சாகும், வறண்டாலும் வாடும், காற்றடித்தால் சரியும். சரிவில் தண்ணீர் வடியும் கானுக்கு மேல்பக்கமாக, வீட்டுச் சுவரோ சபுக்கு மரமோ காற்றை மறைக்கும் இடம் பாருங்கள். ஒன்றரை அடி அகல ஆழத்தில் குழி வெட்டி, எடுத்த மண்ணோடு ஒரு வாளி மாட்டெருவும் இரண்டு கைப்பிடி டொலமைட் சுண்ணாம்புத் தூளும் கலந்து திருப்பிப் போடுங்கள், தேயிலை மண் புளிப்பு அதிகம். நட்ட இடம் சுற்றிலும் இருப்பதைவிட அரை அடியாவது மேடாக இருக்கட்டும். உருளைக்கிழங்கு, தக்காளி, கறிமிளகாய் போன வருடம் நின்ற இடத்தைத் தவிருங்கள், எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் மண்ணில் மிச்சமிருக்கும், வேரைத் தாக்கும் வட்டப்புழு இதையும் பிடிக்கும்.

நடும்போதே மூன்று கம்பு ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அப்புறம் செடி இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆள் உயரத்துக்கு ஒற்றைத் தண்டாகப் போய்த்தான் கிளைக்கும், கச்சானுக்கு அது தாங்காது. மலையில் கொழுந்தெடுத்த கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முதல் வெயில் காலம்

ஆட்கள் செடியைப் பெரும்பாலும் இங்கேதான் இழக்கிறார்கள். மழை நிற்கும் முன்பே மூடாக்குப் போட வேண்டும். குவாத்தமாலாப் புல்லோ மானாப்புல்லோ நறுக்கி நான்கு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட வாரத்துக்கு இரண்டு தடவை, காலையில், செடிக்கு ஒரு வாளி பீலித் தண்ணீர் மெதுவாக ஊற்றுவது நல்லது. களையைக் கையால் பிடுங்குங்கள், மண் கிளறும் முள்ளால் குத்தினால் வேர் அறுந்துபோகும்.

இலையின் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி சேர்ந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். வெயில் காலத்தில் இலைமேல் வெள்ளை மா படிந்தாற்போல் தெரிந்தால் அது சாம்பல் நோய், அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், பரவினால் தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள் அடிக்கலாம்.

நுவரெலியாக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை. 1,868 மீட்டர் உயரத்தில், ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் தரையில் உறைபனி விழும், பள்ளமான இடங்களில் அதிகமாக. இளஞ்செடி ஒரே இரவில் கருகிவிடும். நான்கு கம்பு நட்டு, இலையில் படாதபடி பழைய படங்கைப் போர்த்தி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். முந்திய மத்தியானம் மண்ணை நனைத்து வைப்பதும் உதவும், ஈர மண் சூட்டைக் கூடுதல் நேரம் பிடித்து வைக்கும்.

காய்

நாற்றிலிருந்து வந்த மரம் காய்க்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், பூத்த பிறகும் பழுக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். நிறம் முழுக்க மாறிய பிறகு காம்போடு வெட்டுங்கள். காய் புதுக் கிளையில்தான் வரும், எனவே அறுவடை முடிந்ததும் காய்த்த கிளைகளைக் குட்டையாகக் கவ்வாத்துப் பண்ணிவிட வேண்டும். தோல் கசக்கும், கொதிநீரை ஊற்றினால் கழன்றுவிடும். சீனி தூவிக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அடுப்புத் தணலில் சுட்டு, தோலை உரித்து, பச்சை மிளகாய், வெங்காயம், உப்போடு பிசைந்த சம்பல்தான், சூடான ரொட்டிக்கு.