சுழியோடிய அன்றே மலை ஏறாதீர்கள்: திருகோணமலையில் டைவிங் முடித்தவர்கள் விடும் தவறுகள்

அத்தானுக்குத் தோள்மூட்டு வலி தொடங்கியது நுவரெலியாவுக்கு ஏறும் றம்பொடை வளைவுகளில். அவர் நுவரெலியாக்காரர், அக்காவைக் கட்டிய பிறகுதான் கடலோடு பழக்கம். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிலாவெளியில் நாளுக்கு இரண்டு டைவ் போனார். ஞாயிறு பகல் பதினொன்றரைக்குக் கடைசி டைவ் முடிந்தது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் வெளிக்கிட்டுவிட்டது. "பிளேன்ல போனாத்தானே மச்சான் கூடாதும்பாங்க, நாங்க வேன்லதானே போறோம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இரவு பத்து மணிபோல அக்கா ஃபோன் எடுத்தார். "டாங்க் தூக்கினதில உளையுது எண்டு சொல்றார். ஆனா இப்ப விரலெல்லாம் விறைக்குதாம்." டைவிங் பழக்கிய தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "மேல ஏற விடாதீங்க அண்ணா, வண்டியத் திருப்பச் சொல்லுங்க, ஒட்சிசன் குடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்." வேன் கம்பளைப் பக்கம் இறங்கியது. விடியும்வரை ஒட்சிசன் பிடித்த பிறகுதான் விறைப்பு விட்டது.

எங்கள் ஊருக்கு டைவிங் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விடும் தவறு இதுதான். டைவ் முடித்த கையோடு பறக்கக் கூடாது என்பதை விமானத்தோடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். உடம்புக்கு விமானமும் தெரியாது, வேனும் தெரியாது. அதற்குத் தெரிவது அமுக்கம் ஒன்றுதான்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. 18 மீற்றரில் நாம் சுவாசிக்கும் காற்று, கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அமுக்கத்தில் இருக்கும். காற்றில் 78 வீதம் நைதரசன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் அது கரைந்து நிற்கும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஆனால் கரைக்கு வந்த கையோடு முழுவதும் போய்விடுவதில்லை, மணித்தியாலக் கணக்காக எடுக்கும். அதற்குள் வெளி அமுக்கம் இன்னும் குறைந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உள்ளே குமிழ் கட்டும். டைவிங்காரர் 'பெண்ட்ஸ்' என்பது இதைத்தான்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பறக்கும் பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அமுக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அத்தான் வேனில் போனதும் ஒன்றுதான், விமானத்தில் ஏறியதும் ஒன்றுதான். பண்டாரவளை, எல்ல, அட்டன் எல்லாம் 1,000 மீற்றருக்கு மேல்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் என்ற, டைவிங்காரரின் பாதுகாப்புக்கான அமைப்பு சொல்லும் கணக்கு இது: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் ஆகக் குறைந்தது 12 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஒரு நாளில் பல டைவ் அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் 18. மேலே வரும்போது இடையில் கட்டாயம் நின்று வரவேண்டிய ஆழமான டைவ் என்றால் அதையும் விடக் கூட. 600 மீற்றருக்கு மேல் போகிறவர்களுக்கான கணக்கு இது. நான் வீட்டு ஆட்களுக்குச் சொல்வது ஒரே எண்தான்: 24 மணித்தியாலம். சனிக்கிழமை டைவ், ஞாயிறு முழுக்க ஊரில், திங்கள் காலை பயணம். சீனக்குடாவில் சின்ன விமானம் ஏறுகிறவர்களுக்கும் இதுவேதான்.

அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதிலும் பிழை விடுகிறார்கள். "சும்மாதானே இருக்கிறோம், சிகிரியா பார்த்துவிட்டு வருவோம்" என்பார்கள். சிகிரியாவின் உச்சி 350 மீற்றர் அளவுதான், உயரம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் வெயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி ஏறி வியர்த்துக் கொட்டுவது, டைவ் முடித்த அன்று உடம்புக்கு ஆகாது. கடும் உழைப்பு குமிழ் கட்டுவதைத் தூண்டும், நீர் வற்றிய உடம்பில் நைதரசன் வெளியேறுவதும் தாமதிக்கும். சாராயமும் பியரும் கூடாது என்பதற்கும் நீர் வற்றுவது ஒரு காரணம். இன்னொன்று, வெறியில் இருப்பவருக்கு மூட்டு வலித்தால் அது எதனால் என்று அவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

கன்னியாவுக்கு அன்றைக்கே போகாதீர்கள். ஏழு கிணற்றுச் சுடுநீரை வாளி வாளியாக ஊற்றினால் தோல் சட்டென்று சூடேறும், சூடான தோலில் வாயு கரைந்து நிற்காது. அடுத்த நாள் காலையில் போய் ஆசை தீரக் குளியுங்கள். புறாத்தீவில் முகமூடியும் குழாயும் போட்டு மிதந்து பவளப்பாறை பார்ப்பதில் பிழை இல்லை. மூச்சடக்கிக் கீழே சுழியோடி சுழியோடி வருவதுதான் பிழை. இளவட்டங்கள் இதைக் கேட்பதே இல்லை, படகில் ஏற முன்னரே சொல்லி வையுங்கள்.

நான் கூட்டிப்போவது கோணேசர் கோயிலுக்கு. பிரெட்ரிக் கோட்டை வாசலால் நடந்து போனால் மான்கள் வழி மறிக்கும். பிள்ளைகளுக்கு அதுவே அரை நாள். சுவாமிமலை சுமார் 400 அடி உயரம், அந்த உயரத்துக்குக் காற்று ஒன்றும் செய்யாது. முதல் நாள் அதே மலையடியில் டைவ் போனவர்கள் மேலே இராவணன் வெட்டில் நின்று கடலை எட்டிப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரோடு டைவ் போன மைக் வில்சனும் பழைய கோயிலின் தூண்களைக் கண்டது அந்தத் தண்ணீருக்குள்தான். இல்லாவிட்டால் நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், பின்னேரம் டச்சு பேயில் கச்சானோடு உட்காருங்கள். எல்லாம் கடல் மட்டம்.

கடைசியாக, வலி வந்தால் மறைக்காதீர்கள். தோள், முழங்கை, முழங்கால் உளைவு, விறைப்பு, தோலில் திட்டுத் திட்டாய் நிறம் மாறுவது, தலைச்சுற்று, காரணமில்லாத களைப்பு இவற்றில் எது வந்தாலும் பெனடோல் போட்டுப் படுப்பது பெரும் பிழை. வலி அடங்கினாலும் குமிழ் அங்கேயே இருக்கும். நேராகப் படுக்க வைத்து, டைவிங் சென்டரில் உள்ள ஒட்சிசனைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டைவ் எத்தனை, எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லுங்கள், ஆழத்தையும் நேரத்தையும் பதிகிற டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒட்சிசன் போத்தல் இருக்கிறதா, அமுக்கத்தைக் கூட்டிப் பெண்ட்ஸுக்கு வைத்தியம் செய்யும் அமுக்க அறை உள்ள ஆஸ்பத்திரி எது என்பதைக் காசு கட்ட முன்னரே அந்த சென்டரில் கேட்டு வையுங்கள். கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னால், கண்டிப் பக்கம் ஏறாமல் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகவே போகும்படி சாரதியிடம் சொல்லுங்கள்.