மல்லிகைத் தோட்டத்தில் உயிரி மருந்து: எங்கே தவறு நடக்கிறது?

நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த மல்லிகைச் செடி திடீரென்று வாடினால், அடித்தண்டை ஒட்டிய மண்ணை விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் படர்ந்து, நடுநடுவே கடுகு மாதிரி உருண்டைகள் கிடந்தால் அது ஸ்கிளரோஷியம் என்ற பூஞ்சாணத்தின் வேலை.

உடனே தோட்டம் முழுக்கப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றுவதுதான் பெரிய தவறு. மண்ணில் நோய்க்கிருமி மட்டும் இல்லை. அதைத் தின்பதும், அதற்குப் போட்டியாக வேரில் இடம் பிடிப்பதும் அங்கேதான் இருக்கின்றன. மருந்துக்கு அந்தப் பேதம் தெரியாது. கடுகு உருண்டைகளோ தடித்த தோலுக்குள் சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கும். பிறகு முளைக்கும்போது தடுக்க ஆளிருக்காது. மருந்து தேவைப்பட்டால் வாடிய செடிக்கும் அதைச் சுற்றியுள்ளவற்றுக்கும் ஊற்றினால் போதும்.

அடுத்த தவறு, உயிரி மருந்தையும் ரசாயன மருந்தையும் ஒரே டேங்கில் கலப்பது. “சேர்த்தே விடுங்க” என்று கடையில் சொல்வதுண்டு. சொல்பவருக்கு இரண்டு பாக்கெட் விற்றாகிவிட்டது. உயிரி மருந்தான டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான், கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி பட்டால் செத்துவிடும். இன்னொரு உயிரி மருந்தான சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா; கார்பன்டசிம் அதை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் தாமிர மருந்தும், பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசினும் ஆகாது. ரசாயன மருந்துக்கும் உயிரி மருந்துக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

வாடிய பிறகு டிரைக்கோடெர்மா வாங்க ஓடுவதிலும் பெரிய பலன் இல்லை. அது நோய்ப்பூஞ்சாணத்தின் இழைகளைச் சுற்றி வளைத்து, நொதிகளால் கரைத்துத் தின்னும். அப்படித் தின்ன, நோய் வருமுன்பே அது வேரடியில் பெருகியிருக்க வேண்டும், பெருகத் தீனி வேண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோவுக்குக் குறையாத மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் பத்து நாள் வைத்து, ஈர மண்ணில் இடுங்கள். காய்ந்த மண்ணில் தூவிவிட்டு மழையை எதிர்பார்ப்பது வீண்.

தொழு உரம் மக்கியிருக்க வேண்டும் என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கிளரோஷியத்துக்குப் பிடித்த தீனியே மக்காத கழிவு. நவம்பர் கடைசியில் கவாத்து செய்துவிட்டு, வெட்டிய கிளையையும் இலையையும் செடியின் தூரிலேயே குவித்து வைத்தால் நாமே அதற்குச் சாப்பாடு போட்ட கணக்கு. அப்புறப்படுத்தித் தனியாக மக்க வையுங்கள்.

உயிரி மருந்து பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்ததில் உயிர் மிஞ்சாது.

கடுகு உருண்டை இல்லாத வாடலும் உண்டு, நூற்புழுகூடக் காரணமாகலாம். சந்தேகமாக இருந்தால் செடியை வேரும் மண்ணுமாகப் பிடுங்கி, மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பயிர் நோயியல் துறையில் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள்.