நாயோடு மலையில் ஓடப் போகிறீர்களா? முதலில் இறங்கப் பழகுங்கள்

இலங்கை மலையகத்தில் எங்கள் அப்புத்தளைப் பக்கம் சமதரை என்ற பேச்சே இல்லை. வீட்டு வாசலை விட்டால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். நாயோடு ஓட ஆரம்பிக்கிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், மல்லி என்னைத் தேயிலை மலையின் கானுக்குள், அதாவது தண்ணீர் ஓடும் வடிகாலுக்குள், இழுத்துப் போடும் வரை. (மல்லி எங்கள் வீட்டுப் பெட்டை நாய். பக்கத்து வீட்டுச் சிங்களவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு. அவர்கள் மொழியில் மல்லி என்றால் தம்பி.)

படி 1: நாயைப் பாருங்கள்

ஒரு வயது தாண்டாத குட்டியை ஓட வைக்காதீர்கள். எலும்பு வளர்ந்து முடிந்திருக்காது. பெரிய சாதி நாய் என்றால் ஒன்றரை வயது வரை பொறுங்கள். மிருக வைத்தியரிடம் ஒரு தடவை காட்டி, விசர்நாய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் ஊசி இரண்டும் சரியா என்று கேளுங்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு நடை போதும். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே மூச்சிரைத்துத்தான், அதற்கு அந்த மூக்கு ஒத்துழைக்காது. நம்ம நாட்டு நாய்க்கு அந்தக் கவலை இல்லை.

படி 2: சாமான்

கழுத்துப்பட்டியில் கயிறு கட்டி ஓடாதீர்கள். நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்குங்கள், இரண்டு விரல் உள்ளே போகிற அளவு தளர்வாக. கயிறு 2 மீட்டர் போதும். தண்ணீரும் ஒரு மடிப்புக் கிண்ணமும் கட்டாயம். ஓடையில் குடிக்கட்டும் என்று விடாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படி 3: நேரம்

அதிகாலை இருட்டிலும் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டாம். சிறுத்தை நடமாடும் நேரம் அது, நாய் அதற்குப் பிடித்த இரை. நான் பெரட்டு (காலையில் தோட்டத்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் கூட்டம்) கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறின பிறகுதான் கிளம்புவேன். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடி மழை வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள். சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரமாவது போக வேண்டும்.

முதல் இரண்டு வாரம் அரை மணி நேர நடை. அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 3 கிலோமீட்டர் வரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சி முனைக்கு 7 கிலோமீட்டர் ஏற்றம். படத்தில் அழகாகத்தான் இருக்கும், முதல் மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

படி 4: ஏற்றம்

இதில் சொல்ல அதிகமில்லை. சின்ன அடியாக வையுங்கள், மூச்சு முட்டினால் நடங்கள். நாய் முன்னால் இழுத்தால் உங்களுக்கு லாபம்.

படி 5: இறக்கம்

அன்றைக்கு மழை விட்டிருந்தது. கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலையின் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தோம். கயிறு என் இடுப்புப் பட்டியில் மாட்டியிருந்தது. செடிக்கு அடியிலிருந்து ஒரு காட்டு முயல் பாய்ந்தது, மல்லியும் பாய்ந்தாள். அடுத்த நிமிடம் நான் கானுக்குள், இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோய். எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, நீங்க நாய ஓட்டுறீங்களா, நாயி ஒங்கள ஓட்டுதா?"

அதனால் இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றாதீர்கள், தேவைப்பட்டால் விட முடிய வேண்டும்.

"பின்னுக்கு" என்ற ஒரு சொல்லைப் பழக்குங்கள். பத்துப் பன்னிரண்டு கல்படி உள்ள இடம் போதும். மாரி பிஸ்கட் துண்டு ஒன்றை உங்கள் தொடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்குங்கள். நாய் பின்னால் வந்தால் பிஸ்கட். முந்தினால் அப்படியே நில்லுங்கள், இழுக்கவோ கத்தவோ வேண்டாம். அது திரும்பிப் பார்க்கும், மறுபடி "பின்னுக்கு". மல்லிக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது.

நீங்களும் முழங்காலை லேசாக மடித்து, குட்டி அடியாக இறங்குங்கள். பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும். நாயின் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் சும்மா நிற்கும்போதே முன்கால்களில்தான் இருக்கிறது, இறக்கத்தில் இன்னும் கூடும். அதனால் நீண்ட இறக்கத்தை ஓடாமல் நடந்தே முடிப்பது அதற்கும் நல்லது.

படி 6: தோட்டத்து மரியாதை

லயத்துப் பக்கம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் பக்கம், வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கோழி இருக்கும், பிள்ளைகள் இருக்கும், அங்கே உள்ள நாய்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். புல்லுக்கு மருந்து அடித்த மலை என்றால் வேறு வழி பாருங்கள், கான் தண்ணீரில் நாய் வாய் வைக்கவே கூடாது. குளவிக் கூடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறு பேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள். காட்டு ஓரத்தில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம், பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு நாயின் கழுத்திலும் விழும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, நாய்க்கு அனுமதி இல்லை. ரயில் பாதையும் வேண்டாம், வளைவுகளில் வண்டி வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும்.

படி 7: வீட்டுக்கு வந்து

விரல் இடுக்கு, காது, கக்கம் மூன்றையும் தடவிப் பாருங்கள். அட்டை கடித்துக்கொண்டிருந்தால் பிய்க்காமல் நகத்தால் வாயருகே தள்ளிவிடுங்கள். உண்ணியும் இருக்கலாம். ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் அட்டை ஏறிவிடுவதும் உண்டு. நாய் ஓயாமல் தும்மினால், ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால், உப்பு கிப்பு என்று நீங்களே வைத்தியம் பார்க்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அப்புறம் உங்கள் தேத்தண்ணியை நாயோடு பங்குபோடாதீர்கள். அதில் உள்ள கஃபீன் அதற்கு ஆகாது. மல்லி ஒவ்வொரு தடவையும் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் படுத்திருப்பாள், மாரி பிஸ்கட்டில் பாதியை வாங்கிக்கொண்டுதான் எழும்புவாள்.