கொட்டகை வரை போகும் வயரில் எவ்வளவு கரண்ட் வீணாகிறது? வோல்ட், ஆம்ப்ஸ் வைத்து கணக்குப் போடும் முறை

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு வயர் இழுத்து, மாட்டுத் தீவனத்துக்கான சோளத் தட்டு வெட்டும் மிஷின் ஓட்டுகிறவர்கள் நிறைய. மிஷின் திணறினால் எல்லோரும் சொல்வது "லோ வோல்ட்டேஜ்". அது லைனில் வருகிற குறையா, நம் வயரே தின்கிறதா என்பதை சின்ன வகுத்தல், பெருக்கலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சூத்திரம் இவ்வளவுதான்: வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம் (மின்தடை). வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட் (திறன்).

தேவையானவை: ஒரு கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்ப்ஸ் அளப்பது), வோல்ட் பார்க்க ஒரு மல்டிமீட்டர், 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு, ஒரு பக்கெட் தண்ணீர். மீட்டரில் 'CAT III 600V' (கேட்டகிரி 3, 600 வோல்ட் என்ற பாதுகாப்புத் தரம்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டர் பேட்டரி பார்க்கப் போதும், 230 வோல்ட்டுக்கு வேண்டாம். ஆம்ப்ஸ் அளக்க மல்டிமீட்டரைத் தொடவே தொடாதீர்கள். சிவப்பு புரோபை 10 ஆம்ப்ஸ் துளையில் செருகி ஆம்ப்ஸ் பார்த்துவிட்டு, மாற்ற மறந்து அப்படியே பிளக்கில் வைத்தால் நேரடி ஷார்ட்தான்.

லோடுக்கு (கரண்ட் இழுக்கும் பொருளுக்கு) ராடு ஏன், மிஷினையே ஓட்டி அளந்தால் என்ன? மோட்டாரில் வோல்ட்டும் ஆம்ப்ஸும் ஒரே சமயத்தில் உச்சம் தொடாது. அதனால் வயரின் ஓம் உண்மையைவிடக் குறைவாக வந்து நிற்கும். ராடு சுத்தமான ரெசிஸ்டன்ஸ் (மின்தடை), கணக்கு நேராக வரும்.

1. கிளாம்ப் போட ஒரு தனி லீட் செய்யுங்கள்

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ராடின் கார்டை முழுசாக கிளாம்புக்குள் விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். மீட்டர் கெட்டுப்போகவில்லை. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் எதிரெதிர் என்பதால் காந்தப்புலம் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஒற்றை வயர் மட்டுமே உள்ளே போக வேண்டும். அதற்காக ராடின் கார்டைக் கிழிக்காதீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றை வயர் மூன்றை ஒரு மீட்டர் நீளத்துக்கு எடுத்து, ஒரு முனையில் 16 ஆம்ப்ஸ் பிளக், மறுமுனையில் சாக்கெட் மாட்டிக்கொள்ளுங்கள். வயர்களை முறுக்காமல், டேப் சுற்றாமல் தனித்தனியாக விடுங்கள். ஃபேஸ் வயரில் மட்டும் கிளாம்பைப் போடலாம்.

2. லோடு ஓடும்போதே அளந்து பாருங்கள்

ராடைத் தண்ணீரில் வைத்த பிறகே சுவிட்ச். சுவிட்ச் போட்டபின் பக்கெட்டில் கை வைக்கக் கூடாது. ஓடும்போது மூன்று ரீடிங் வேண்டும்: வீட்டு போர்டில் வோல்ட், கொட்டகை சாக்கெட்டில் வோல்ட், ஆம்ப்ஸ். சும்மா இருக்கும் வயரில் வீட்டில் 225 என்றால் கொட்டகையிலும் 225தான் காட்டும். அதை நம்பி "வயர் நல்லா இருக்கு" என்று முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பாருங்கள். வீட்டில் ஒருவர், கொட்டகையில் ஒருவர், கையில் போன். த்ரீ பேஸ் வந்து சுற்றிலும் போர் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் இரண்டே நிமிடத்தில் பத்து வோல்ட் மாறிவிடும். நடந்து போய் அளப்பதற்குள் கணக்கு கெட்டுவிடும்.

3. கணக்கு

வீட்டில் 225, கொட்டகையில் 207, கரண்ட் 5.9 ஆம்ப்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

ராடு: 207 ÷ 5.9 = 35.1 ஓம். திறன் 207 × 5.9 = 1221 வாட். 1500 வாட் ராடு இவ்வளவுதான் கொடுக்கிறது.
வயர்: 225 − 207 = 18 வோல்ட். 18 ÷ 5.9 = 3.05 ஓம். வயரில் சூடாகப் போவது 18 × 5.9 = 106 வாட்.

வயருக்கு 207-ஐயோ 225-ஐயோ வகுக்கக் கூடாது. எந்தப் பொருளின் ஓம் வேண்டுமோ, அந்தப் பொருளின் இரு முனைக்கும் இடையே விழும் வோல்ட்டைத்தான் எடுக்க வேண்டும்.

4. 3.05 ஓம் சரியா?

இழுத்திருப்பது 1.5 சதுர மி.மீ. காப்பர் ஃப்ளெக்சிபிள் வயர், தூரம் 75 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயருக்கு கிலோமீட்டருக்கு 13.3 ஓம். போக வர 150 மீட்டர். 0.150 × 13.3 = 2 ஓம். வயர் சூடானால் கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு ஓம் கூடாது. அந்த மிச்சம் ஏதோ ஒரு ஜாயிண்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஆம்ப்ஸை ஓமால் பெருக்கினால் அங்கே விழும் வோல்ட், அதை மறுபடி ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட். மிஷின் 9 ஆம்ப்ஸ் இழுக்கும்போது அந்த ஜாயிண்டில் 9 × 9 × 1.05 = 85 வாட். சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றை ஒன்றாகக் கட்டி டேப்புக்குள் வைத்த மாதிரி. மெயினை ஆஃப் செய்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பாருங்கள்: கெட்ட ஜாயிண்டில் டேப் இளகி பளபளப்பாக, உள்ளே காப்பர் கறுத்து இருக்கும். அலுமினியத்தையும் காப்பரையும் சேர்த்து முறுக்கிய இடமென்றால் முதல் சந்தேகம் அங்கேதான். மறுபடி முறுக்கி டேப் சுற்றுவது வீண். அதற்கென்று விற்கும் பைமெட்டல் கனெக்டர் போடுங்கள். வயரையே மாற்றுவதாக இருந்தால் 4 சதுர மி.மீ. எடுங்கள். இதே தூரத்துக்கு 0.74 ஓம்தான், 9 ஆம்ப்ஸில் 7 வோல்ட்கூட விழாது.

பின்சேர்க்கை: மோட்டாருக்கு இதே கணக்கு போட்டால் தப்பாக வருகிறதே என்றால், வரத்தான் செய்யும். 200 வோல்ட், 9 ஆம்ப்ஸ் என்றால் 1800 வாட் இல்லை. பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு) 0.8 என்றால் 1440 வாட். 200 ÷ 9 = 22 என்பதும் வைண்டிங்கின் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின்) ஓம் அல்ல. வைண்டிங் ஓம் வேண்டுமானால் சப்ளையைக் கழற்றி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து, மல்டிமீட்டரில் பாருங்கள். 22-ஐவிட மிகக் குறைவாகவே காட்டும். இன்னொன்று: வோல்ட்டேஜ் குறைந்தால் ராடு குறைவான ஆம்ப்ஸ் இழுக்கும், லோடில் ஓடும் மோட்டார் அதிகமாக இழுக்கும்.