கிளாசிக் பைக் ஷோவில் ரேஸ் ஜாம்பவானிடம் பேசுவது எப்படி: ஒருமுறை சொதப்பியவனின் செய்முறை

முதல்முறை எனக்குக் கிடைத்தது பதினைந்து விநாடி. ஒன்றேகால் மணி நேரம் வரிசையில் கால் கடுக்க நின்று மேசைக்கு முன்னால் போனதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "நீங்கள் ஜெயித்ததிலேயே மறக்க முடியாத ரேஸ் எது சார்?" என்று கேட்டுவைத்தேன். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் ஓர் ஊரையும் ஒரு வருடத்தையும் சொன்னார், நான் நீட்டிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். முடிந்தது.

அடுத்த வருடம் அதே ஷோ, அதே மனிதர். இருபது நிமிடம் பேசினார். ஒரு கட்டத்தில் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடித்தே காட்டினார். இடையில் என் முகராசி ஒன்றும் மாறிவிடவில்லை. போன நேரத்தையும் கேட்ட கேள்வியையும் மாற்றினேன், அவ்வளவுதான். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. மனம்விட்டுப் பேசியவரைப் பதிவில் இழுத்துவிடுவது முறையல்ல.

டிக்கெட் எடுப்பது, போய்ச் சேருவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக வேலைக்கு வருவோம்.

படி 1: படித்துவிட்டுப் போங்கள், பட்டங்களை உருப்போட வேண்டாம்

சிறப்பு விருந்தினர் யார் என்று ஷோ நடத்துபவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். உடனே எல்லோரும் எத்தனை பட்டம், எத்தனை வெற்றி என்று மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். இத்தாலிய ரேஸர் ஜகோமோ அகோஸ்தினியிடம் போய் "15 உலகப் பட்டம், 122 கிராண்ட் பிரீ வெற்றி" என்று ஒப்பித்தால் அவர் என்ன பதில் சொல்வார்? ஆமாம் என்பார். வேறென்ன சொல்ல முடியும்?

அவருடைய ரேஸ் வாழ்க்கையில் எது எப்போது மாறியது என்று தேடுங்கள். எந்தக் கம்பெனியை விட்டு எதற்குப் போனார், எந்த என்ஜினை விட்டு எந்த என்ஜினுக்கு? அகோஸ்தினி எம்.வி. அகுஸ்தாவின் ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் வருடக்கணக்காக ஜெயித்தவர். 1974-இல் யமஹாவுக்கு மாறினார். 1975-இல் 500 சிசி பட்டம் வாங்கினார். அந்தப் பிரிவில் டூ ஸ்ட்ரோக் பைக்குக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. எடி லாசன் 1988-இல் யமஹாவில் சாம்பியன், 1989-இல் ஹோண்டாவில் சாம்பியன். ஃப்ரெடி ஸ்பென்சர் 1985-இல் 250, 500 இரண்டு பிரிவிலும் பட்டம் வாங்கினார். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும்போது கைக்கும் காலுக்கும் எது குழம்பியது? இப்படி மாறிய இடத்தில்தான் நல்ல கேள்வி ஒளிந்திருக்கும்.

ஒரு சின்ன விஷயம். ஷோவில் சுசூகி ஆர்ஜி500 ரேஸ் பைக் பக்கத்தில் நின்றுகொண்டு, அதில் உலகப் பட்டம் ஜெயித்த பாரி ஷீன் எத்தனை மணிக்கு வருவார் என்று ஒருவர் விசாரித்ததை என் காதால் கேட்டேன். ஷீன் 2003-லேயே காலமாகிவிட்டார். டேங்கில் பெயர் எழுதியிருந்தால் ஆளும் வருகிறார் என்று அர்த்தமில்லை.

படி 2: கதவு திறக்கும்போதே போங்கள், மெக்கானிக்கைப் பிடியுங்கள்

"கையெழுத்து: 11 முதல் 12 வரை" என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் வரிசைக்கானது. பேச்சு நடக்காது, நடத்தவும் விட மாட்டார்கள்.

காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் பழைய ரேஸ் பைக்குகள் நிற்கும் பக்கம் போங்கள். தான் ஓட்டிய பைக் அங்கே இருக்கிறதென்றால் எந்த ரேஸரும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார். டயரை அமுக்குவார், கிளட்ச் லீவரைப் பிடித்துப் பார்ப்பார், உட்கார்ந்து பார்க்கக்கூடச் செய்வார். நீங்கள் எதையும் தொடாதீர்கள். தோளில் தொங்கும் பையும் இடுப்பு பெல்ட்டின் பக்கிளும் பெயின்ட்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த பைக்கை வைத்துப் பராமரிப்பவர் பக்கத்திலேயே துணியும் கையுமாக நின்றுகொண்டிருப்பார். பலரும் அவரைக் கவனிப்பதே இல்லை. முதலில் அவரிடம் பேசுங்கள். கார்புரேட்டரைப் பற்றிக் கேளுங்கள், உதிரி பாகம் எங்கே கிடைக்கிறது என்று கேளுங்கள். மனதார ரசித்துக் கேட்டால் அவரே "இவர் பைக் தெரிந்தவர்" என்று ஜாம்பவானிடம் அறிமுகம் செய்துவைப்பார். எனக்கு இரண்டாம் வருடம் நடந்தது இதுதான்.

காலையில் போவதில் இன்னொரு லாபம், பைக்குகளை ஸ்டார்ட் செய்து சூடுபடுத்தும்போது வரும் வாசனை. பழைய ரேஸ் என்ஜின்களில் விளக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆயில் ஊற்றுவார்கள். நாம் வயிற்றுக்கு மருந்து என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே சரக்குதான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆங்கிலத்தில் அதற்குரிய சொல்லிலிருந்து வந்தது. எரியும்போது இனிப்பாக ஒரு மணம் வரும். சிலர் அதற்காகவே ஷோவுக்கு வருகிறார்கள், நானும்தான்.

படி 3: கேள்வி (நான் விழுந்த இடம்)

"மறக்க முடியாத ரேஸ் எது?", "ஜெயித்தபோது மனசு எப்படி இருந்தது?" இந்த இரண்டையும் அவர் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் வாயில் தயாராக இருக்கும். யோசிக்கவே வேண்டியதில்லை, அதனால்தான் பதினைந்து விநாடியில் முடிந்துவிடுகிறது.

மனசை விட்டுவிடுங்கள். கை, கால், காது இவற்றைப் பற்றிக் கேளுங்கள். உடம்பு மறக்காது. கேட்டதும் கை தானாக லீவரைப் பிடிக்கும்.

நான் கேட்டது பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பற்றி. இப்போது பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், 1986 வரை கிராண்ட் பிரீ ரேஸ்கள் என்ஜின் அணைந்த நிலையில்தான் தொடங்கின. கொடி இறங்கியதும் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடி, கிளட்ச் விட்டு, என்ஜின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். 1987-இல்தான் என்ஜினை ஓடவிட்டுக் கிளம்பும் முறை வந்தது. "ஸ்டார்ட்டில் எத்தனை எட்டு ஓடுவீர்கள்?" என்று கேட்டேன்.

ரோடு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது வேறு பேச்சு என்று. பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். முதலில் கியரில் போட்டு பைக்கைப் பின்னால் இழுக்க வேண்டும். என்ஜினுக்குள் அழுந்தும் காற்று (கம்ப்ரெஷன்) தடுத்து ஓரிடத்தில் நிற்கும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்திருப்பது. கொடி இறங்கினால் இரண்டு மூன்று எட்டு, ஒருக்களித்து சீட்டில் பாய்ந்து உட்காரும் அதே நொடியில் கிளட்ச்சை விடுவது. உடம்பின் எடை பின் சக்கரத்தில் விழுவதால் டயர் வழுக்காமல் என்ஜினைச் சுற்றும். ஈரத்தில் பாய்ந்து உட்காருவதை ஒரு எட்டு தள்ளிப்போடுவாராம். சொல்லிக்கொண்டே அந்த வயதில் ஒரு காலைத் தூக்கினார். மெக்கானிக் பதறிப்போய் பைக்கின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

இதே வகையில் இன்னும் சில கேள்விகள் தருகிறேன். உங்கள் ஆள் ஓட்டிய காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரிட்டிஷ், இத்தாலிய பைக்குகளில் பெரும்பாலும் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் பழகியவர் இடது கால் கியர் வண்டிக்கு மாறியபோது, அவசரத்தில் எந்தக் கால் முந்தியது? இந்தக் கேள்விக்குச் சிரிக்காத பழைய ரேஸரை நான் பார்த்ததில்லை.

டூ ஸ்ட்ரோக் ஓட்டியவரென்றால் கிளட்ச் விரலைக் கேளுங்கள். முழு வேகத்தில் பிஸ்டன் சீஸ் ஆனால், அதாவது சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கிக்கொண்டால், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதனால் எப்போதும் ஒன்றிரண்டு விரலைக் கிளட்ச் லீவர் மேல் வைத்தே ஓட்டினார்கள். சீஸ் ஆகப் போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? சத்தமா, அதிர்வா?

ஐல் ஆஃப் மேன் தீவின் பொது ரோடுகளில் நடக்கும் டிடி ரேஸில் ஓட்டியவரென்றால் ஞாபகத்தைக் கேளுங்கள். ஒரு சுற்று 60.7 கிலோமீட்டர், இருநூறுக்கும் மேல் வளைவு, இரண்டு பக்கமும் கல் சுவரும் வீடுகளும். அதை எப்படி மனதில் ஏற்றினார்?

சிறிய பைக்குகளை ஓட்டியவரென்றால் கியர் எண்ணிக்கை. 1967-இன் சுசூகி ஆர்கே67, வெறும் 50 சிசி, ஆனால் 14 கியர். எந்த கியரில் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே ஓட்டினார்களா?

கேட்கக் கூடாததும் உண்டு. அந்தத் தலைமுறை தன் நண்பர்களில் பலரை ரேஸிலேயே பறிகொடுத்தது. 1972 டிடியில் ரேஸர் ஜில்பெர்த்தோ பர்லோத்தி இறந்தார். அந்த வருடத்துக்குப் பிறகு அகோஸ்தினி அங்கே மறுபடி ரேஸ் ஓட்டவில்லை. 1976-க்குப் பிறகு டிடி உலக சாம்பியன்ஷிப்பிலிருந்தே போய்விட்டது. இவற்றை நீங்களாக எடுக்காதீர்கள். அவராகத் தொடங்கினால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். "அந்தக் காலமா, இந்தக் காலமா, யார் பெரிய ஆள்?" என்பதும் வேண்டாம்.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. சைலன்சர் இல்லாத எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே வாழ்ந்தவர்களில் பலருக்குக் காது மந்தம். முதல் வருடம் என் கேள்வியில் பாதி அவர் காதில் விழவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அவர் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்கிறார் என்று பாருங்கள், அந்தப் பக்கம் நில்லுங்கள். பக்கத்து என்ஜின் உறுமும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். கத்திப் பேசுவது வீண். அப்புறம், கை குலுக்கும்போது அழுத்த வேண்டாம். எத்தனை முறை உடைந்து சேர்ந்த மணிக்கட்டோ, யார் கண்டது. அவர் நீட்டினால் மட்டும் மெதுவாகப் பிடியுங்கள்.

படி 4: கையெழுத்து

டேங்கில் வாங்காதீர்கள். பெட்ரோல் ஒரு துளி பட்டால் மார்க்கர் மை கரைந்து ஓடிவிடும். ஹெல்மெட்டும் வேண்டாம், வளைந்த பரப்பில் கை நடுங்கும். என் கட்சி ரேஸ் எண் எழுதும் தட்டையான வெள்ளைப் பலகை. இல்லையென்றால் பளபளப்பில்லாத தாளில் அச்சிட்ட படம். பலகையில் மெழுகு பாலிஷ் இருந்தால் முந்தின நாளே துடைத்துவிடுங்கள், மை ஒட்டாது.

கறுப்பு மார்க்கர் இரண்டு, மெல்லிய முனை. வெள்ளி நிறப் பேனாதான் வேண்டுமென்றால் முன்பே நன்றாகக் குலுக்கி, வேறு தாளில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முதல் இழுப்பில் அது ஒரு சொட்டாக வழியும். எனக்கு அவர் பெயரின் முதல் எழுத்தே கொழகொழவென்று போனது. கையெழுத்து காயும் வரை பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டாம்.

போட்டோ விஷயம் சட்டென்று முடியட்டும். செல்ஃபி எனக்குப் பிடிக்காது, பாதி முகமும் பாதி பைக்கும்தான் வரும். யாரிடமாவது போனைக் கொடுங்கள். இன்னும் நல்லது, அனுமதி கேட்டு ஹேண்டில்பார் மேல் இருக்கும் அவர் கைகளை மட்டும் எடுங்கள்.

படி 5: கிளம்புங்கள்

பின்னால் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். மெக்கானிக்குக்கும் நன்றி சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டதையெல்லாம் எழுதிவிடுங்கள். நான் வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டதில் பாதி போய்விட்டது. ஈர ரோட்டுக்கு எந்த கியரில் போட்டுத் தள்ளுவார் என்று சொன்னார், அது இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டுப் போன சிலர் வேறு சிக்கல்களில் மாட்டியிருக்கிறார்கள்.

கையெழுத்து அழியாமலிருக்க அதன் மேல் கிளியர் லேக்கர் அடித்த ஒருவருக்கு மை பரவி, கையெழுத்து பூ மாதிரி விரிந்துவிட்டதாம். லேக்கரில் உள்ள கரைப்பான் மையையும் கரைக்கும். அதே பேனாவால் வேறொரு தகட்டில் கிறுக்கி, அதன் மேல் அடித்துப் பார்க்காமல் அசலில் கை வைக்காதீர்கள். நான் கண்ணாடிச் சட்டம் போட்டு வெயில் படாத சுவரில் மாட்டிவிட்டேன்.

மொழி தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அவர் பைக்கைத் தள்ளும் அல்லது வளைவில் சாய்ந்திருக்கும் பழைய படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு போங்கள். அவர் காலைச் சுட்டிக்காட்டி, உங்கள் காலை ஆட்டிக் காட்டினால் போதும். மீதியை அவரே நடித்துவிடுவார்.

மூன்றாவது, கொஞ்சம் தர்மசங்கடம். ஒருவர் ஜாம்பவான் முன்னாலேயே "இது நீங்கள் ஓட்டிய அதே பைக்தானா?" என்று கேட்டிருக்கிறார். அது நகல். பைக்கின் சொந்தக்காரர் முகம் செத்துப்போய்விட்டதாம். ஷோக்களில் நிற்கும் பிரபலமான ரேஸ் பைக்குகளில் நகல்கள் நிறைய உண்டு, அதில் கேவலம் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் படி 2-லேயே, மெக்கானிக்கிடம், தனியாக.