குன்னூர் ஏற்றத்தில் நீராவி எஞ்சின்: புதிதாகப் பணியேற்போர் அறிய வேண்டியவை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலில் எஞ்சின் பெட்டிகளை இழுத்துச் செல்வதில்லை. கீழ்ப்புறத்தில் நின்று தள்ளிக்கொண்டு போகிறது. இணைப்பு அறுந்துபோனாலும் பெட்டிகள் சரிவில் உருண்டோடிவிடாமல் எஞ்சினே தாங்கிக்கொள்ளும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆகவே ஏற்றத்தில் ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பாதை சரியாகத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன் (கைப்பிரேக்கை இயக்குபவர்) பார்ப்பதைக் கொடியசைவில் மற்ற பிரேக்ஸ்மேன்கள் வழியாக அறிந்துதான் அவர் வண்டியை நடத்துகிறார். மழைக்காலத்தில் சரிந்து கிடக்கும் பாறையையும், கல்லாறு காட்டில் தண்டவாளத்தின் மேல் வந்து நிற்கும் யானையையும் முதலில் காண்பவர் அந்த முகப்புப் பிரேக்ஸ்மேனே. ஓட்டுநர், தீயையும் கொதிகலன் நீரையும் கவனிக்கும் ஃபயர்மேன், கார்டு, பெட்டிக்கு ஒருவராக நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் ஆகியோர் அனைவரும் சேர்ந்ததே இந்த வண்டியின் குழு. அவர்களில் எவருடைய வேலையையும் சிறியதென்று எண்ணிப் பணியில் சேரக்கூடாது.

வேலை, எஞ்சின் நிற்கும் ஷெட்டில், வண்டி புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்குகிறது. குளிர்ந்த கொதிகலனை அவசரமாகச் சூடாக்கினால் தகடுகளும் குழாய்களும் ஒரே அளவில் விரிவதில்லை. பொருத்துகளில் கசிவு உண்டாகி, பெரும் செலவில்தான் அதைச் சரிசெய்ய முடியும். எனவே முதலில் சிறு தீயை வைத்து, கொதிகலன் முழுவதும் மெல்ல வெதுவெதுப்பாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். எண்ணெயால் எரியும் எஞ்சினில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பர்னர் அணைந்துவிட்டால், தீ அறையின் சூடான செங்கல் தானே பற்றவைத்துக்கொள்ளும் என்று நம்பி எண்ணெயைத் திறந்துவிடக்கூடாது. எண்ணெயை மூடி, தேங்கிய ஆவி சிம்னி வழியாக வெளியேறும்வரை காற்றோட்டம் கொடுத்து, தீ அறையின் தரையில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, எரியும் பந்தத்தை உள்ளே வைத்த பிறகே எண்ணெயைச் சிறிதாகத் திறக்க வேண்டும்.

ஆனால், ஃபயர்மேன் கற்க வேண்டிய பாடங்களில் தலையாயது தீயைப் பற்றியதன்று, தண்ணீரைப் பற்றியது என்பதே என் உறுதியான கருத்து. தீ அறையின் கூரைத் தகடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் இறங்கி அந்தத் தகடு வெறுமையானால், அது பழுக்கக் காய்ந்து, அழுத்தம் தாங்காமல் கீழே பிதுங்கிக் கிழிந்துவிடும். அதற்குப் பிறகு கேபினில் இருப்பவர்கள் தப்பிப்பது அரிது. ஆகையால் நீர்மட்டக் கண்ணாடியை நம்புவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்ப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய கடமையாகும். அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்தவுடன் கண்ணாடி காலியாக வேண்டும். மேலே உள்ள நீராவித் திருகை மட்டும் மூடினால் நீர் பீறிட வேண்டும். அதைத் திறந்துவிட்டுக் கீழே உள்ள நீர்த் திருகை மூடினால் ஆவி சீறிக்கொண்டு வர வேண்டும். பிறகு வடிகுழாயை மூடி இரண்டு திருகுகளையும் திறந்தால், நீர் துள்ளி எழுந்து பழைய மட்டத்தில் ஆடி நிற்கும். அது துள்ளாமல் தயங்கித் தயங்கி ஏறுமானால், ஏதோ ஒரு வழி பாதி அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்பி வண்டியை எடுக்கக்கூடாது.

சமதளத்தில் ஓட்டிப் பழகியவர்களும் இந்த மலையில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் உயர்கிறது. அந்தச் சரிவில் கொதிகலனும் சாய்ந்தே நிற்பதால், 3 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே நீர்மட்டத்தில் 25 செ.மீ. வேறுபாடு வந்துவிடுகிறது. கண்ணாடி இருக்கும் முனை கீழே இருந்தால் அது நிறைந்த தோற்றம் காட்டும். வண்டி நிலையத்தின் சமதளத்துக்கு வந்தவுடன் அதே நீர் மறுமுனைக்கு ஓடிவிட, மட்டம் சட்டென்று இறங்கும். ஆகவே சரிவு மாறும் இடங்களை மனப்பாடமாக அறிந்துகொண்டு, அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே இன்ஜெக்டரை (தொட்டி நீரைக் கொதிகலனுக்குள் செலுத்தும் கருவியை) போட்டு நீரை ஏற்றியிருக்க வேண்டும். இன்ஜெக்டர் பிடித்துக்கொண்டதைக் காதாலேயே அறியலாம். மிகுநீர் வழியும் குழாயில் சொட்டுவது நின்று, சீறல் ஒரே சீரான இரைச்சலாக மாறும். தொட்டி நீர் மிகவும் சூடேறியிருந்தால் அது பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புகையின் நிறமும் ஃபயர்மேனுக்கு ஓர் அளவுகோல். மெல்லிய சாம்பல் நிறப் புகை சரியானது. கரும்புகை எண்ணெய் மிகுதியையும், புகையே தெரியாத நிலை காற்று மிகுதியையும் காட்டும்.

கல்லாற்றில் பல் தண்டவாளம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பற்கள் கொண்ட தண்டவாளம், தொடங்குகிறது. ஆப்ட் முறையில் அமைந்த இரண்டு பல்பட்டைகள் அருகருகே, ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக வரும்படி பதிக்கப்பட்டிருப்பதால், எந்தக் கணத்திலும் ஒரு பல்லாவது பிடிப்பில் இருக்கும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் முதலில் கட்டப்பட்ட இப்பாதையின் எக்ஸ் வகை எஞ்சினில் உயர் அழுத்த உருளைகள் (சிலிண்டர்கள்) சாதாரணச் சக்கரங்களையும், தாழ் அழுத்த உருளைகள் பல்சக்கரங்களையும் சுழற்றுகின்றன. நுழைவிடத்தை நெருங்கும்போது வேகத்தை மனிதர் நடக்கும் அளவுக்குக் குறைத்து, பல்சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே அதைப் பட்டையின் மேல் ஏறவிட வேண்டும். பல்லோடு பல் பொருந்தும்போது எழும் ஓசையைக் கவனித்துக் கேளுங்கள். அது வழக்கத்துக்கு மாறாக இருந்தால், உடனே நிறுத்திப் பார்ப்பதில் தயக்கம் காட்டக்கூடாது.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினமானது. பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆதலால் எஞ்சினின் உருளைகளையே காற்றழுத்தும் கருவியாக மாற்றி, எதிர் அழுத்தத்தால் வண்டியைத் தடுத்து நிறுத்துவது முறை. சிம்னிக்கு அடியிலுள்ள புகைப்பெட்டியின் சாம்பல் உருளைக்குள் உறிஞ்சப்படாதவாறு வெளிக்காற்றுக்கு வழி திறந்து, உருளைகள் கொதிப்படையாமல் சிறிது நீரும் செலுத்தப்படுகிறது. ஓட்டுநரின் விசில் கேட்டதும் பிரேக்ஸ்மேன்கள் தத்தம் கைப்பிரேக்குகளைச் சேர்ந்து இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அவர்களுள் ஒருவர் பிந்தினாலும் அந்தப் பெட்டியின் பாரம் எஞ்சின் மீது வந்து விழுகிறது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் கொதிகலனை நிரப்பி, காற்று வழிகளை மூடி, அது தானாக ஆறும்படி விட வேண்டும். பின்பு விளக்கை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் இறங்கி, பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் துணியால் துடைத்து, விரிசலோ தேய்மானமோ உண்டா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.