கிழநாய்க்குச் சிறுநீரகம் கெட்டால்: எதுவரை செலவழிப்பது, எங்கே நிறுத்துவது

வயதான நாய் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. இரண்டு நாளாக வாந்தி. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் 7. "அட்மிட் பண்ணணும், டயாலிசிஸ்கூடத் தேவைப்படலாம்" என்கிறார் டாக்டர். வீட்டில் உடனே பணக்கணக்கு தொடங்கிவிடும். அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: இது திடீரென்று வந்ததா, நாள்பட்டதா? அதே 7, இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும்.

எலிக்காய்ச்சல், திராட்சை, வீட்டிலிருந்த ஐப்யூபுரூஃபன் வலிமாத்திரை, கர்ப்பப்பைச் சீழ், சிறுநீர்ப்பாதையை அடைத்த கல் இவற்றால் வந்தது திடீர்க் கோளாறு. காரணத்தை நீக்கினால் சிறுநீரகம் மீள வாய்ப்புண்டு. கடன் வாங்கியாவது செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ் வசதி இருக்கிறது. அதன் முழுப்பயன் இப்படிப்பட்ட நாய்களுக்கே. நாள்பட்ட நோயில் தழும்பாகிப்போன திசு மறுபடி வளராது. அங்கே டயாலிசிஸ் சில நாட்களை வாங்கித் தரும், அவ்வளவே.

பிரித்தறிவது எப்படி? பல மாதமாக நிறையத் தண்ணீர் குடித்தது, எடை குறைந்தது, ஈறு வெளுத்தது, ஸ்கேனில் சிறுநீரகம் சிறுத்து மேடுபள்ளமாகத் தெரிவது எல்லாம் நாள்பட்டதன் அடையாளங்கள். சிறுநீர் மாதிரியை டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றியபின் சிறுநீர் நீர்த்துவிடும், அதன் அடர்த்தியை வைத்து எதையும் சொல்ல முடியாது. அவசரத்தில் அடிக்கடி தவறுவது இதுதான். கூடவே பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்த அழுத்தம், எலிக்காய்ச்சல் பரிசோதனை. கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கர்ப்பப்பையையும் ஸ்கேனில் பார்க்கவேண்டும்.

நாள்பட்ட சிறுநீரக நோயை நான்கு நிலையாகப் பிரிக்கும் ஐரிஸ் வகைப்பாட்டில் நாய்க்குக் கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினால் கடைசியான நான்காம் நிலை. ஆனால் உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் இந்த எண் ஏறும். நாள்பட்ட நோய்க்கு மேல் ஒரு சிறுநீர்த்தொற்று சேர்ந்திருந்தாலும் ஏறும். அதனால் முதல் ரிப்போர்ட்டை வைத்தே முடிவெடுக்கவேண்டாம். டாக்டரிடம் கெடு வைத்துப் பேசுங்கள்: மூன்று நாள் டிரிப்ஸ், அதற்கான செலவு எழுத்தில், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறு பரிசோதனை. கெடு வைக்காதவர்கள்தான் "இன்னும் ஒரு நாள்" என்று பத்து நாள் போகிறார்கள்.

இந்த மூன்று நாளில் சிறுநீர் அளவைக் கேட்டுக்கொண்டே இருங்கள். கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மி.லி. இயல்பு, 20 கிலோ நாய்க்கு 20 முதல் 40 மி.லி. டிரிப்ஸ் போகும்போது இன்னும் கூடவேண்டும். நீர்ச்சத்து சரியானபிறகும் கிலோவுக்கு அரை மி.லி.கூட வரவில்லை என்றால் ஏற்றும் நீர் நுரையீரலில் தேங்கும். அப்போது டிரிப்ஸே ஆபத்து. கிரியேட்டினின் இறங்கி, தானாகச் சாப்பிடத் தொடங்கினால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். நாள்பட்ட நோயில் கிரியேட்டினின் மறுபடி இயல்பான 1.4-க்குக் கீழே வருமென்று காத்திருக்கவேண்டாம். எண்ணும் இறங்காமல் நாயும் எழாமல் இருந்தால், ஆறுதல் பராமரிப்புக்கு மாறும் நேரம் அது.

இது கைவிடுவது இல்லை, வேலை அதிகம். டாக்டர் சொல்லும் அளவில் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவத்தை உடல்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி, 18 கேஜ் ஊசியால் தோலுக்கடியில் ஏற்றலாம். வீக்கம் முன்காலுக்கு இறங்கும். சில மணி நேரத்தில் வற்றிவிடும். மறுநாளும் வற்றவில்லை என்றால் அடுத்ததை ஏற்றாதீர்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடவேண்டும்.

வாந்தி மருந்து முதலில், சாப்பாடு பிறகு. உணவிலுள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் கட்டும் மருந்து சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும், வெறும் வயிற்றில் வீண். சிரிஞ்சால் வாயில் திணித்தால் புரையேறும், அந்தச் சாப்பாட்டின்மேலேயே வெறுப்பும் வந்துவிடும். கடைசிக் கட்டத்தில் பத்தியத்தைப் பிடித்துத் தொங்கவேண்டாம். தயிர்சாதமோ முட்டை வெள்ளையோ, அது தின்பதைக் கொடுங்கள். மெலாக்சிகாம் போன்ற வலிமருந்துகள் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு: வலி, உணவு, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் 10-க்கு மதிப்பெண், கூடினால் நல்லது (வலியே இல்லை என்றால் வலிக்கு 10). மொத்தம் 35-ஐத் தாண்டினால் தொடரலாம். குடும்பமாக உட்கார்ந்து போட்டால் ஆசையே மதிப்பெண்ணாகிவிடும். இருவர் தனித்தனியே, தினமும் மாலையில் போடுங்கள். சிறுநீரக நோயாளி நாய் கடைசிவரை நடமாடக்கூடும் என்பதால் மொத்தம் ஏமாற்றும். உணவும் மகிழ்ச்சியும் தொடர்ந்து மூன்று நாள் 3-க்குக் கீழே போனால் மொத்தத்தைப் பார்க்கவே வேண்டாம், விடைகொடுக்கும் நேரம் அது.

கருணைக்கொலைதான் என்று முடிவானால் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டியவை: முதலில் மயக்கமருந்து தருவாரா, நரம்பில் கேனுலா போட்டுவிடுவாரா? நீர் வற்றிய நாயின் நரம்பு சுருங்கியிருக்கும், நேரடியாகக் குத்தினால் தவறும். மயக்கம் தராமல் மெக்னீசியம் சல்ஃபேட் மட்டும் ஏற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள். நினைவோடு இருக்கும்போதே மூச்சுத் தசைகள் முடங்கும். உயிர் போனபின்னும் கண் திறந்தே இருக்கும், ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் தோன்றும், சிறுநீர் போகும். துணிக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு வையுங்கள். புதைப்பதென்றால் கிணற்றுக்கு எட்டத்தில் மூன்றடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். உடலில் தங்கிய மயக்கமருந்து, தோண்டித் தின்னும் நாயையும் கொன்றுவிடக்கூடும்.